பாதியில் நின்ற துக்க மணி

1. தண்டவாளத் துண்டு

சண்டை முடிந்து மீள்குடியேறிய வருடம், முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் எங்கள் கோயிலுக்கு மணி அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கோயில் என்று மிஞ்சியிருந்தது பீடமும் அதற்குப் பின்னால் ஒரு சுவரும்தான். சுற்றிவர எரிந்த வாகனங்கள், தலை போன பனைகள், கண்ணிவெடி எடுப்பவர்கள் கட்டிய நாடா. சனம் தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தது.

“மணி எங்கை பாதர்?” என்று கேட்டேன்.

“அடிக்கத் தெரியுமோ எண்டுதானே கேட்டனான். மணி இருக்குதெண்டு சொன்னனானோ?” என்றார் பங்குத் தந்தை. அந்த நாட்களில் அவர் ஒருவருக்குத்தான் பகிடி விட மனம் இருந்தது.

கடைசியில், ஷெல்லுக்குப் பதுங்கிய ஒரு பங்கருக்கு மேல் போட்டிருந்த தண்டவாளத் துண்டைக் கிண்டி எடுத்து, பாதி கருகிய வேம்பில் தொங்கவிட்டோம். கம்பியால் அடித்தால் கடற்கரை வரை கேட்கும். பூசைக்கு அடுக்கடுக்காக அடிக்க வேண்டும். சாவுக்கு அப்படியில்லை. ஒரு அடியின் ஓசை அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. அது கேட்டால் சனம் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து “ஆர்?” என்று கேட்கும். தொடங்கிய துக்க மணியை இடையில் நிறுத்தக்கூடாது. பிறகு தகரக் கூரை வந்தது, மற்றச் சுவர்களும் எழும்பின. மணி மட்டும் இன்றைக்கும் அந்தத் தண்டவாளம்தான்.

2. திரேசம்மா கேட்டது

திரேசம்மா கருவாடு போட்டுப் பிழைத்தவர். சண்டை முடிந்த அன்று தன் ஒரே மகனைத் தன் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்தவர். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. கார்த்திகை மாத ஆத்துமப் பூசைக்கு எல்லோரும் இறந்தவர்களின் பெயர் கொடுப்பார்கள். அவர் கொடுக்கமாட்டார். “உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கு?” என்று என்னிடம் சீறுவார்.

போன வருடம் வவுனியா ஆஸ்பத்திரியில் அவரைக் கைவிட்டு அனுப்பினார்கள். நேரே கோயிலுக்குத்தான் வந்தார். இப்போதைய பாதர் வயதில் இளையவர். அவரிடம் சொன்னார்:

“நான் கண்ணை மூடினால் அவனுக்கு மணி அடியுங்கோ எண்டு சொல்ல ஒருத்தருமில்லை, பாதர். நான் இருக்கேக்கையே அடியுங்கோ.”

பாதர் என்னைப் பார்த்து, “அடியுங்கோ அண்ணை” என்றார்.

நான் அடிக்கத் தொடங்கினேன். ஊரில் யாரும் நோயில் படுத்திருக்கவில்லை, கடலிலும் படகில்லை. அப்படியான நாளில் துக்க மணி கேட்டால் எங்கள் ஊர்த் தாய்மார் நினைப்பது ஒன்றைத்தான்: எங்கோ புதைகுழி கிண்டியிருக்கிறார்கள். காணாமல் போன பிள்ளைகளின் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தியின் கையில் மீன் செதில் காயவில்லை.

“எங்கை கிண்டினவை? ஆற்றை பிள்ளை?”

“போட்டிருந்தது நீலச் சேட்டோ? சொல்லுங்கோ அண்ணை, நீலச் சேட்டோ?”

எனக்குக் கம்பியைக் கொண்டுபோய்க் கடலில் எறிய வேண்டும் போல இருந்தது, ஆனாலும் அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒருத்தரும் கிடைக்கேல்லை. என்ரை பிள்ளைக்குத்தான். நான்தான் அடிக்கச் சொன்னனான்” என்றார் திரேசம்மா.

எல்லோரும் படங்களைக் கீழே இறக்கினார்கள். ரோசலின் மட்டும் முன்னால் வந்தாள். அவளுடைய மகனும் அதே பஸ்ஸில் போனவன்.

“என்ரை பெடியனும் அவனோடதானே அக்கா ஏறினவன்?” என்று கேட்டுவிட்டு மணலில் குந்திவிட்டாள்.

திரேசம்மா அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “நிப்பாட்டுங்கோ தம்பி” என்றார் என்னிடம். நிறுத்தினேன்.

3. படித்தது

சில கிழமைகளில் திரேசம்மா செத்துப்போனார். அவருக்கு முறைப்படி அடித்தேன். மகனுக்குத் தொடங்கிய மணி தொடங்கினபடியே கிடக்கிறது, அதை முடிக்கச் சொல்ல இனி யாருமில்லை. இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்த ஊரில் துக்க மணியை ஒரு வீட்டுக்கு மட்டும் அடிக்க முடியாது.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு ரோசலின் வேம்படிக்கு வந்தாள்.

“அக்காவுக்கு மட்டும்தானே அடிச்சனீங்கள்?”

“ஓம்.”

“வேற ஒருத்தருக்கும் இல்லையே?”

“இல்லைப் பிள்ளை.”

என் கையிலிருந்த கம்பியை வாங்கி மரத்தோடு சாத்தி வைத்துவிட்டுப் போனாள்.