சொக்கலேட் வாங்கும் காவல்காரன்

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்று, நாங்கள் குடியேறிய இந்த ஊரில், பிரெஞ்சில் இன்னும் மத்தியானங்களில் ஓடுகிறது. உலகப்போர்க் காலத்துக் கைதிமுகாம் பற்றிய நகைச்சுவை. கைதிகள் சுரங்கத்தால் வெளியே போய், அலுவல் முடித்து, ஒழுங்காகத் திரும்பி வருவார்கள். தடித்த காவல்காரன் ஒருவனுக்குச் சொக்கலேட் கொடுத்தால் போதும், எதையும் காணமாட்டான். அவனைக் கண்டாலே என் அத்தானுக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவின் கணவர், கர்க்லாண்டில் ஒரு பண்டகசாலையில் செக்யூரிட்டி.

“நானெண்டால் உவனை அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பன்!” என்று கத்துவார். பகிடி என்று எத்தனை தரம் சொல்வது? அந்த மனிதருக்கு ஏறாது.

போன கந்தசஷ்டிக்கு அக்காவின் கட்டாயத்தில் அத்தானும் விரதம் பிடித்தார். ஒருநாள் வில்லரேயிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிக்கு முன்னால் அத்தான், சீருடைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்த மட்டன் ரோலும் கையுமாக. என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு பாதியைப் பிய்த்து நீட்டினார். எனக்கென்ன விரதமா? வாங்கினேன்.

“அங்கை என்ன மணக்குது?” என்றாள் அக்கா, குசினியிலிருந்து.

“ஒண்டும் மணக்கேல்லை அக்கா,” என்றேன், அவசரமாக விழுங்கிவிட்டு.

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மா சொல்லக்கூடாது தம்பி, உந்தக் காவல்காரன் நல்ல மனுசன்.”