மாத்திரைக்கு வார லீவு கிடையாது

அந்தோணி ஷூ லேஸ் கட்டாமல் வந்திருந்தான். மறைமலை நகர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் அப்படி உள்ளே போக முடியாது. நடையும் சரியில்லை என்று சூப்பர்வைசர் அவனை ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு அனுப்பினார்.

நான் அங்கே ஆயா. எண்பதுகளில் ஊசியை ஒரு கரண்ட் பெட்டியில் கொதிக்க வைத்துத்தான் போடுவார்கள். அது என் வேலை. ஒருநாள் அந்தப் பெட்டியிலேயே முட்டை வேகவைத்துக் கம்பவுண்டரிடம் திட்டு வாங்கினேன். முட்டை என்னவோ நன்றாகத்தான் வெந்திருந்தது. சரி, அந்தோணிக்கு வருகிறேன்.

அவன் ஃபிட்டர். இரண்டு கிட்னியும் கெட்டு, படப்பையில் இட்லிக் கடை வைத்திருந்த அவன் அக்கா மேரி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். மெட்ராஸில் ஆபரேஷன். ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவனை, டூல் ரூமில் உட்கார்ந்து செய்கிற வேலையில் போட்டிருந்தார்கள். வீட்டில் எதையும் வாயில் போடுகிற குழந்தை இருந்ததால் மாத்திரை பாட்டில்களைக் கம்பெனி லாக்கரில் வைத்திருந்தான். மேலே எழுதியிருப்பதைப் படிக்க எனக்குத் தெரியாது. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். அவ்வளவு போதும், தினமும் விடாமல் விசாரிப்பேன்.

"இன்னாடா, லேஸ் கட்டக்கூட சோம்பலா?"

"கட்டுனா இறுக்குது ஆயா. ஷூ சின்னதாயிட்ச்சு போல."

"ஷூ சின்னதாவுமாடா? காலக் காட்டு."

சாக்ஸுக்கு மேலே விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, எழும்பவே இல்லை.

"ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா?"

வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். "ரெண்டு நாளா கம்மிதான்."

இந்தக் கிட்னியும் போனால் வேறு யாரிடம் கேட்பது? அக்காவிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். கம்பவுண்டரைக் கூப்பிட்டேன்.

"மாத்திரை ஒழுங்கா போடறியா?" என்று கேட்டார்.

"ஒரு டூட்டி விட்டதில்ல சார். கார்டு பஞ்ச் பண்ணதும் மாத்திரதான். ஆயாவக் கேளுங்க."

"ஆமா சார், நான்தான் டெய்லி கேக்கறேனே!" என்றேன் பெருமையாக.

"நேத்து?"

"நேத்து சண்டே சார். லீவு."

"லீவு யாருக்கு? உனக்கா, மாத்திரைக்கா?"

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அதுக்குத்தான் சார், மண்டே வந்ததும் ரெண்டு நாளுதையும் சேத்துப் போட்டுடறது. லைன்ல வேல பெண்டிங் இருந்தா ஓ.டி. பாத்து முடிக்கறோம் இல்ல?"

கம்பவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஷிஃப்ட் மாறினால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் போடுவானாம், அடுத்த வாரம் மத்தியானம் இரண்டு மணிக்காம். அவர் திட்டவில்லை, தானாக எந்த மருந்தும் கொடுக்கவில்லை. மெட்ராஸ் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுக் கம்பெனி வேனை வரச் சொன்னார். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

வழியில் கம்பவுண்டர் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான். உங்க அக்கா கிட்னி அவனுக்கு வெளியாள். தள்ளத்தான் பார்ப்பான். மாத்திரைதான் கேட் பாஸ். அன்னன்னிக்குப் பாஸ் அன்னன்னிக்குத்தான் செல்லும். ரெண்டா போட்டா, வாட்ச்மேன் தூங்கிடுவான். கண்ட காய்ச்சலும் உள்ள பூந்துடும்."

தகவல் கிடைத்து ஆஸ்பத்திரிக்கு மேரி பஸ் பிடித்து வந்தாள். கையில் மாவுகூடக் காயவில்லை. விஷயத்தைக் கேட்டாள்.

"டேய், நான் குடுத்தது கிட்னிடா. கம்பெனி மெஷினா, சண்டே சண்டே ஆஃப் பண்ணி வெக்கறதுக்கு?"

"அக்கா, டாக்டருங்க பாக்கறாங்க..."

"பாக்கட்டும்! எனக்கு இன்னொண்ணு இருந்தா அதயும் குடுத்துட்டு உன்ன ஒதச்சிருப்பேன்!"

வார்டே சிரித்தது. மேரி மட்டும் சிரிக்கவில்லை. புடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

புதுக் கிட்னியை உடம்பு தள்ள ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மூன்று நாள் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது, மூத்திரம் நன்றாக இறங்கிவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். மேரி எழுந்து நின்று கை தட்டினாள். ஒருத்தன் ஒண்ணுக்குப் போனதற்கு யாராவது கை தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நானும் தட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மேரியையும் உட்கார வைத்துச் சொன்னார். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் காலை எட்டு மணிக்கு மாத்திரை. பண்டிகை, ஞாயிறு என்று பார்க்கக் கூடாது. ஒருவேளை மறந்தால், தானாக இரண்டாகப் போடாமல் ஆஸ்பத்திரியைக் கேட்க வேண்டும். தலைவலி மாத்திரையோ நாட்டு மருந்தோ, கேட்காமல் எதையும் தொடக் கூடாது. பாட்டில்கள் லாக்கரிலிருந்து வீட்டுக்குப் போயின. குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மேரியே பலகை அடித்து வைத்தாள். காலை ஷிஃப்டுக்கு அன்றைய மாத்திரையை மட்டும் பொட்டலம் கட்டி எடுத்து வருவான்.

நான் தினமும் கேட்டேன் என்று பெருமைப்பட்டேன் இல்லையா? கம்பெனிக்கு வருகிற நாளைத்தான் நான் நாள் என்று நினைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நோயில் கிடந்து வேலைக்குத் திரும்புகிற யாரிடமும் "மாத்திர போட்டியா?" என்று நான் கேட்பதில்லை. "வூட்ல கீற நாள்ல எப்ப போடற, சொல்லு" என்றுதான் கேட்பேன்.