பெட்டி காலியாக இருக்கக் கூடாதாம்

புள்ளிவிபரவியல் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்ட லயத்தில் சிக்னல் இல்லை. பதுளை டவுனில் இன்டர்நெட், டைப்பிங் எல்லாம் செய்து தரும், வழக்கமாகப் போகும் கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன்.

கடைக்கார நானா டைப் அடிக்க, நான் பக்கத்தில் நின்று சொன்னேன். நடுவில் ஒரு போன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து பார்த்தால், லீனியர் அல்ஜிப்ராவுக்கு எதிரே பெறுபேறு போடும் பெட்டியில் 'ஏ' என்று இருக்கிறது.

அது கட்டாயம் முடித்திருக்க வேண்டிய பாடம். நான் இப்போதுதான் படிக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்.

"என்ன நானா இது? ரிசல்ட் உங்களுக்கு யாரு சொன்னது?"

"பெட்டிய காலியா விட்டா ஃபோம் திரும்பி வந்துரும் தம்பி. தோட்டத்து ஆளுங்களுக்கு ஐடென்டிகார்ட் ஃபோம் எத்தன நிரப்பியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அதுக்காக 'ஏ' போடுவீங்களா?"

"ஒங்களுக்கு 'பி' போட மனசு வரல்ல."

சிரித்துவிட்டேன். ஆனால் போன வருடம் இதே பெட்டிக்குப் பயந்துதான் நான் விண்ணப்பிக்கவே இல்லை. எப்படியும் திருப்பி அனுப்புவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வருடம் போய்விட்டது.

'ஏ'யை அழித்துவிட்டு, "இன்னும் முடிக்கவில்லை. இப்போது படிக்கிறேன். இரண்டு மாதத்தில் பரீட்சை" என்று போட்டு அனுப்பினேன்.

நானாவுக்குத் திருப்தி இல்லை. "இவ்வளவு நீளமா எழுதினா யாரு வாசிப்பா?" என்றார்.

பாடம் முடியாமலே விண்ணப்பித்து இடம் கிடைத்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். கிடைக்காதவர்கள் என் பரீட்சை முடிந்த பிறகு சொன்னால் போதும்.