அப்டியே உடு நைனா

கரண்ட் ஓடுகிற எதையும் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கத் துளசிராமனுக்கு மனசு வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் அவர் எலக்ட்ரீஷியன். கூட வேலை பார்த்த முனுசாமி, லைன் ஆஃப்தான் என்று எவனோ சொன்னதை நம்பிப் பேனலுக்குள் கை விட்டு, இவர் கண்ணெதிரே போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து மனுஷன் யார் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை. வீட்டில் மிக்சி ஓடி நின்றால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவார். அவர் மகன் சரவணகுமார் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும், அதற்கென்றே சுவரில் தனியாக ஒரு சின்ன மெயின் பாக்ஸ் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு ஆபீசில் கழித்துக் கட்டியது. விண்டோஸ் ஏற்றினால் நகரவே நகராது. சரவணனோடு பாலிடெக்னிக்கில் படித்த பழவேற்காட்டுப் பையன் ஜலாலுதீன் எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டுவந்தான். இரண்டு பேருமாக உட்கார்ந்து அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டார்கள். போட்டுவிட்டு அவர்கள் குதித்த குதி இருக்கிறதே, ஏதோ அத்திப்பட்டில் புது பவர் ஹவுஸே கட்டி முடித்த மாதிரி!

சரவணனுக்கு ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். துளசிராமனுக்குப் பகல். மனைவி குப்பம்மாள் இறால் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய் இருட்டித்தான் வருவாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பகலில் வீட்டில் இருக்கிறவன் சரவணன் என்பதால் சோறு வடித்து வைப்பதும் அவன் பாடு. சும்மா சொல்லக்கூடாது, குழம்பும் நன்றாக வைப்பான். அவன் கிளம்பிப் போன பிறகு அப்பா வருவார். பூட்டின வீட்டுக்குள் நுழைகிற மனுஷனிடம் ஒரு வார்த்தை பேச ஆள் வேண்டாமா? பையன் ஒரு வேலை செய்தான். மைக்கை வைத்துத் தன் குரலைப் பதிந்து, கம்ப்யூட்டர் கிளம்பி முடிந்ததும் அது தானாகப் பேசுகிற மாதிரி செய்து வைத்தான். துளசிராமன் மெயினைத் தூக்கிப் பொத்தானை அழுத்துவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடும். அப்புறம் பையன் குரல் வரும்.

"நைனா, வந்துட்டியா? சோறு அடுப்பு மேல கீது. சூடு பண்ணித் துன்னு. கம்ப்யூட்டரை அப்டியே உடு நைனா, நான் வந்து அணைச்சிக்கிறேன்."

துளசிராமனும் அப்படியே விட்டுவிடுவார். உலகத்திலேயே அவர் கரண்டோடு விட்டுவிட்டுத் தூங்கிய ஒரே பொருள் அதுதான். விடிகாலை, இவர் எழுந்திருக்கும் முன்பே, பையன் வந்து முறைப்படி அணைப்பான்.

2005-இல் ஒரு விடிகாலை அவன் வரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை ஜி.என்.டி. ரோட்டில் மணல் லாரி அடித்துவிட்டது. அங்கேயே போய்விட்டான்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் சாயங்காலம், துளசிராமன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டார். "நைனா, வந்துட்டியா?" என்றது. குப்பம்மாள் அப்போது இறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தாள். குரல் கேட்டதும் அலறிக்கொண்டு புழக்கடைக்கு ஓடினாள். அன்று ராத்திரி முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். அவன் வந்து அணைப்பதாகச் சொல்லியிருக்கிறானே! பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் விட்டுவைத்தார். பிறகு ஒரு சாயங்காலம், குரல் பேசி முடித்ததும் எழுந்துபோய் மெயினை இறக்கினார். டப்பென்று திரை செத்தது. அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வந்ததும் மெயினைத் தூக்குவார், கேட்பார், இறக்குவார். குப்பம்மாள் தினமும் அந்த நேரத்துக்கு எதையாவது சாக்கு வைத்துப் புழக்கடைக்குப் போய்விடுவாள். பையனைப் பற்றிப் புருஷனும் பெண்சாதியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அவளுக்கு ஈரமில்லை என்று இவர் நினைத்தார். இந்த ஆளுக்கு நெஞ்சே இல்லை, செத்தவனைத் தினமும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் பட்டென்று துரத்துகிறாரே என்று அவள் நினைத்தாள்.

இரண்டு வருஷம் தாங்கிய கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது. வெள்ளை எழுத்து பாதியில் நின்று, ஒரு கடவுச்சொல் கேட்டுக்கொண்டு கண் சிமிட்டியது. திரையில் இருந்த ஆங்கிலத்தில் துளசிராமனுக்குத் தெரிந்த ஒரே சொல் மெயின்டனன்ஸ். அவர் பார்க்கிற வேலையே அதுதானே! சரி, நம்மைத்தான் கூப்பிடுகிறது என்று பெட்டியைத் திறந்தார். ஆலையிலிருந்து புளோயர் வாங்கிவந்து தூசி ஊதினார். ஒயரெல்லாம் பிடுங்கித் துடைத்து மாட்டினார். பவர் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பையன் மட்டும் பேசவில்லை.

பஜாரில் ஒரு கடைக்காரன் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "இது லினக்ஸு சார், பேஜாரு புடிச்சது. ஃபார்மேட் அடிச்சி எக்ஸ்பி போட்டுத் தரேன், சூப்பரா ஓடும்."

"உள்ள கீறதெல்லாம்?"

"அது போய்டும். பழசு எதுக்கு சார்?"

அவன் தெரியாமல்தான் கேட்டான். துளசிராமனுக்கோ வந்ததே கோபம்! பெட்டியை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஜலாலுதீன் இப்போது அத்திப்பட்டு பவர் ஹவுஸில் ஒரு கான்டிராக்டரிடம் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டு, லோக்கல் ரயில் ஏறிப் போனார். சாவு வீட்டுக்கு வந்துபோனதோடு சரி, அந்தப் பையன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. இவர்கள் முகத்தில் முழிக்க முடியவில்லை அவனுக்கு. விஷயத்தைக் கேட்டவன் மறுபேச்சுப் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம வரேம்பா" என்றான்.

சொன்னபடி வந்தான். குப்பம்மாள் அவனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். ஜலாலுதீன், ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடுகிற லினக்ஸ் ஒன்றைப் போட்டு ஆராய்ந்தான். ஆராய ஆராய அவன் முகம் சுண்டிப் போனது.

"அப்பா, இதை எப்டி அணைப்பீங்க?"

"எப்டி அணைப்பாங்க? மெயினை எறக்கிடுவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். ஏன்டா?"

ஜலாலுதீன் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லப்பா. பழைய டிஸ்க்கு, அதுவாவே போயிருக்கும்" என்றான்.

பொய் சொல்லத் தெரியாத பையன். துளசிராமன் அவனையும் சுவரில் இருந்த மெயின் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே, ஓடுகிற மில்லுக்கு மெயினை இறக்காதே என்பதுதான். இறக்கினால் உருளைக்கு நடுவே பழுத்த இரும்பு பாதியில் மாட்டிச் சுருண்டு மொத்தமும் நாசமாகும். அதை ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் வீட்டில் தினமும் என்ன செய்தார்? கம்ப்யூட்டரும் உள்ளுக்குள் ஓடுகிற ஒரு மில்தான் என்று தெரியாமல், டிவியை அணைக்கிற மாதிரிதானே நினைத்துவிட்டார்!

"நான்தான்டா கெடுத்தேன்" என்றார். "எம் புள்ள கொரல நானே தெனமும் கழுத்தப் புடிச்சி நெரிச்சிருக்கேன்."

"அப்டி சொல்லாதீங்கப்பா. டிஸ்க்கைச் சரிபார்க்க ஒரு புரோகிராம் ஓட உட்டிருக்கேன். ஃபைல் பேரு போனாலும் துண்டு துண்டா எதாச்சும் கெடைக்கும்."

கிடைத்தது. பெயரெல்லாம் அழிந்த ஃபைல்கள், வெறும் எண்களோடு ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தான் ஜலாலுதீன். ஒன்றில் பாதிப் படம். ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் ஏதோ சினிமாப் பாட்டு நாலு வரி பாடி நின்றது. துளசிராமன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்ததைத் திறந்தான்.

"நைனா, வந்துட்டியா? சோறு..."

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் கரகரவென்று தகரம் தேய்கிற சத்தம். ஜலாலுதீன் திரும்பவும் போட்டான். திரும்பவும் அதே இடத்தில் கரகரத்தது. வேறு மென்பொருளில் போட்டுப் பார்த்தான். சோற்றோடு நின்றுவிட்டான் சரவணன். "இதுக்கு மேல இல்லப்பா" என்றான் ஜலாலுதீன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடுப்பு மேல கீது. சூடு பண்ணித் துன்னு."

குப்பம்மாள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றாள். சரவணன் எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வானோ அந்த இடத்தில் நிறுத்தி, எப்படி இழுப்பானோ அப்படியே இழுத்துச் சொன்னாள்.

"கம்ப்யூட்டரை அப்டியே உடு நைனா, நான் வந்து அணைச்சிக்கிறேன்."

துளசிராமன் அவள் பக்கம் திரும்பினார். "நீ பொறத்தால போய்டுவியே" என்றார்.

"போனா காது கேக்காதா? தெனமும் செவுத்தோரம் நின்னுக்கினு கேட்டேன்யா. நீ மெயினை எறக்குற சத்தம் வந்தாதான் உள்ள வருவேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குப்பம்மாள் தட்டை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையன் போன நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து அழுதது அன்றுதான். ஜலாலுதீன் டீயைத் தொடவில்லை.

வெகுநேரம் கழித்து அவன், மிஞ்சியிருந்த அந்தத் துண்டைத் தன் பென் டிரைவில் ஏற்றி வைத்தான். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. துளசிராமன் பழக்கதோஷத்தில் எழுந்து மெயின் பாக்ஸ் பக்கம் போனார். கை பாதியில் நின்றது.

"அப்டியே உட்டுடட்டுமாப்பா?" என்று கேட்டான் ஜலாலுதீன்.

குப்பம்மாள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அணைச்சிடுப்பா ஜலாலு. அவன் வரமாட்டான்."

ஜலாலுதீன் முறைப்படி அணைத்தான். வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வந்து, ஒவ்வொரு வேலையாக முடிந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டே போயின. கடைசியில் கம்ப்யூட்டர் தானாகவே நின்றது. சரவணன் தினமும் அதை எப்படி அணைத்தான் என்பதைத் துளசிராமன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.