காகிதத்தில் ஒரு சொட்டு

அக்கா குச்சியை டாக்ஸியின் பழைய ஸ்டீயரிங் எண்ணெயில் தொட்டு எடுத்து, ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். முகர்ந்தாள். பிறகு சும்மா நின்றாள். எந்தக் காருக்கும் எண்ணெய் ஊற்றுமுன் இப்படித்தான். சொட்டு காகிதத்தில் பரவி ஓரத்தில் நிறம் காட்டும்வரை நகரமாட்டாள். பழைய எண்ணெய் பச்சையோ சிவப்போ, அழுக்கேறினால் எல்லாம் பழுப்புதான்.

இரண்டு கார் நிற்கிற கொட்டகை அவளுடைய ஒர்க்‌ஷாப். கார்களை 'வாங்க, போங்க' என்பாள். ஓட்டி வருகிறவர்களை 'நீ' என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அவள் நின்றதால்தான் நான் கல்லூரிவரை போனேன். வீட்டில் இதை யாரும் சொல்வதில்லை, அவளும்தான். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று எண்ணெய்த் தொட்டியின் மூடியில் இருக்கும் ஆங்கிலத்தை நான் படித்துச் சொல்வேன். நான் படித்ததை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

இந்த டாக்ஸியின் மூடியையும் படித்துவிட்டேன். சிவப்பு எண்ணெய். அவள் கையில் சிவப்பு டப்பா இருந்தது, ஆனால் கண் காகிதத்தை விட்டு வரவில்லை.

டாக்ஸிக்காரர் மணியைப் பார்த்தார். பெஞ்சில், ஆபரேஷன் முடிந்து பத்து நாளான பெரியவர் ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குள் மலையிறங்கி டாக்டரைப் பார்த்தாக வேண்டும். வழியில் பதினாறு கொண்டை ஊசி வளைவுகள்.

"என்னம்மா, ஜோசியமா பாக்கற? படிச்ச தம்பியே சொல்லிட்டான், ஊத்து."

"இவங்க இதுவரைக்கும் வேற எண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள் அக்கா.

"அப்ப நான் தப்பாப் படிச்சேனா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். புனலைச் செருகி, டப்பாவைச் சாய்த்தாள்.

அப்போதுதான் மூலையில் இருந்த பேசின் என் கண்ணில் பட்டது. லீவு நாளில் சும்மா இருப்பானேன் என்று, காலையில் இந்த டாக்ஸியின் மூடியையும் பக்கத்துச் சாம்பல் நிறக் காரின் மூடியையும் கழற்றி, அதே பேசினில் ஒன்றாகப் போட்டுக் கழுவியிருந்தேன். ஒரே கம்பெனி, வேறு வேறு வருடம், எண்ணெயும் வேறாக இருக்கலாம். எந்த மூடியும் எதிலும் பொருந்தும். எதை எதில் போட்டேன்?

சேராத எண்ணெய் கலந்தால் நுரைக்கும். ரப்பர் வளையங்கள் கெட்டு, கசிந்து, ஏதோ ஒரு வளைவில் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது அந்த வளைவு அல்ல, டாக்ஸிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிற சிரிப்பு. அது ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, ஊத்தாத. நான்தான் மூடிய மாத்திப் போட்டுட்டேன் போல."

டப்பாவின் வாயிலிருந்து இறங்கிய சிவப்பு இழையை அவள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். ஒரு துளியும் புனலுக்குள் போகவில்லை. காகிதத்தில் பழுப்புச் சொட்டைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் தெரியத் தொடங்கியிருந்தது.

"நல்லா படிச்ச படிப்பு" என்றார் டாக்ஸிக்காரர்.

"நீ பேசாம உக்காரு" என்றாள் அக்கா.

கையைத் துடைத்துக்கொண்டு சாம்பல் நிறக் காரிடம் போனாள். அதன் மூடியைத் திருகி எடுத்து, சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தபடி வந்தாள். எழுத்து எனக்கு நேராக வரும்படி திருப்பி, என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"படி."