ஒரு பாட்டுக்குக் கொடுத்த தரை

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து, தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கியிருந்த நேரம். கற்பிட்டியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருக்கிற எங்கள் வீட்டில்தான் இது நடந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வாயால் சொல்கிற மாதிரியே எழுதுங்கள் உம்மா என்று மகள்தான் பேனையைக் கையில் தந்தாள்.

காற்றுக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடலில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஓடுவதற்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். ஹோட்டல் வேண்டாம் என்கிறவர்கள் எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் தங்குவார்கள். நாங்களும் ஓர் அறையை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். என் கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். சமையல் என்னுடையது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மகளுக்கு இங்கிலிஷ் வரும், அதனால் கதைப்பது அவள் பொறுப்பு. இந்த வீட்டில் மதுவும் பாட்டும் இல்லை என்று கேட்டிலேயே ஒரு பலகை தொங்கும். அது என் கணவர் எழுதி மாட்டியது. ஒழுங்கையின் முனையிலேயே பள்ளிவாசல் இருக்கிறது. பாங்கு சொல்வது அடுப்படி வரை கேட்கும். அப்படியான வீட்டில் ரேடியோவில்கூட பாட்டுப் போட்டதில்லை.

அப்படி வந்த ஓர் இங்கிலாந்துக்காரர் இரண்டு பேருக்கென்று அறை கேட்டிருந்தார். நானும் இரண்டு துவாய், இரண்டு தலையணை என்று எல்லாம் சோடியாக வைத்தேன். வண்டியில் இருந்து இறங்கியது ஒருவர்தான். எழுபது வயது தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, அடி அகலமான பழைய மாதிரிக் காற்சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் கால் வைத்தவர், அப்படியே நின்று குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். தரை அழுக்காக இருக்கிறதாக்கும் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தத் தரையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியதால் மன்னாரை விட்டு வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது நான் சிறு பிள்ளை. அதற்குப் பிறகு கலியாணம் முடிக்கும் வரை ஓலைக் கொட்டிலில், மணல் தரையில்தான் வாழ்ந்தோம். பாய்க்குள் மணல், சோற்றுக்குள் மணல், தலைமயிருக்குள் மணல். பிறகு சொந்தமாக வீடு கட்டியபோது, சுவர் பூசுவது கிடக்கட்டும், முதலில் ஹோலுக்கு நல்ல சீமெந்துத் தரை போட்டுத் தாருங்கள் என்று என் கணவரிடம் கெஞ்சினேன். சிவப்புச் சாயம் போட்டு, கண்ணாடி மாதிரித் தேய்த்துத் தந்தார்கள். இன்றைக்கும் மெழுகு போட்டுத் துடைக்கிறேன். சுவர்தான் இன்னும் பூசி முடியவில்லை.

வந்தவர் பட்டமும் பிடிக்கவில்லை, டொல்பின் பார்க்கவும் போகவில்லை. விறாந்தையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலை இடியப்பமும் சொதியும் வைத்துக் கொடுத்தபோதுதான் மகளிடம் வாய் திறந்தார். என் கணவர் வண்டியோடு ஹயருக்குப் போயிருந்தார். மகள் ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

அவர் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில், ஓர் ஆலையில் வேலை செய்தவராம். பதினைந்து வயதிலிருந்து அவருக்கு ஒரே பைத்தியம், ஆட்டம். அந்த ஊர்த் தொழிலாளிப் பிள்ளைகள் கிழமை முழுக்க இயந்திரத்தோடு மாரடித்துவிட்டு, சனிக்கிழமை ஒரு பெரிய மண்டபத்தில் கூடி ஞாயிறு விடியும் வரை ஆடுவார்களாம். பாட்டுகள் அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பாடியவை. பாடியவர்களின் ஊரிலேயே விற்காமல் பெட்டியோடு மூலையில் கிடந்த இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். யாரும் வேண்டாம் என்ற பாட்டை அந்த வடக்கு ஊர்க்காரர்கள் உயிராக வைத்திருந்தார்களாம். எனக்கு உடனே வள்ளத்தில் வந்து இறங்கிய எங்கள் சனத்தின் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொன்னார். அது சோடி சேர்ந்து கைபிடித்து ஆடுகிற ஆட்டம் இல்லையாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவார்களாம். அப்படி ஒரு நாள் பக்கத்தில் நின்று ஆடிய பெண்தான் பிறகு மனைவியானவர். வருடா வருடம் அந்த நாள் வரும்போதெல்லாம், அதே பாட்டுக்கு, எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் ஆடுவார்களாம். குசினியில் ஆடியிருக்கிறார்கள், கப்பலில் ஆடியிருக்கிறார்கள். பாட்டில் ஓர் இடத்தில் மண்டபமே சேர்ந்து ஒரு கைதட்டுத் தட்டுமாம். மனைவி மட்டும் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் தட்டுவாராம். எத்தனையோ வருடம் சொல்லியும் திருந்தவில்லை என்று சொல்லிச் சிரித்தார். போன தடவை மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆட, மனைவி படுத்தபடியே கையை மட்டும் தட்டினாராம். அப்போதும் பிந்தித்தான்.

இந்தக் கடற்கரைக்கு வருவதென்று இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் ஆயத்தம் செய்திருக்கிறார்கள். அதற்கிடையில் மனைவி இறந்துவிட்டார். அடுத்த நாள்தான் அவர்களுடைய அந்த நாள். ஒரு தடவைகூட விட்டதில்லை, இந்தத் தடவை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

அன்று மாலை கடற்கரையில் அவர் முயற்சி செய்து பார்த்ததை மதிலுக்கு மேலால் கண்டேன். மணலில் காலைத் திருப்ப முடியுமா? ஒரு சுற்றிலேயே முழங்கால் மடிந்து விழுந்துவிட்டார். எழும்பி மணலைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவர் மகளைக் கூப்பிட்டு, உங்கள் ஹோலில் ஒரு பாட்டுக்கு மட்டும் ஆடலாமா என்று வாப்பாவிடம் கேட்கச் சொன்னார். என் கணவர் பாவம், நெளிந்து போனார். வேறு எது என்றாலும் செய்து தருகிறோம், இந்த வீட்டில் பாட்டு மட்டும் கேட்டதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெரியவர் முகம் கோணவே இல்லை. இது உங்கள் வீடு, நான் கேட்டிருக்கக் கூடாது என்று அவர்தான் மன்னிப்புக் கேட்டார். கையில் வைத்திருந்த, ஆடும்போது காலில் போடுகிற சப்பாத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை வைத்த பாண் வைத்தபடி இருந்தது. தேத்தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது. எனக்கு மீன் வெட்டக் கை ஓடவில்லை. ஒரு மனிதர் கடல் தாண்டி வந்து எங்களிடம் கேட்டது நாலு முழத் தரை. மணலிலேயே வளர்ந்த எனக்குத் தரையின் அருமை தெரியாதா? அதே நேரம் என் கணவர் சொன்னதிலும் பிழையில்லை. அவர் தொழுகையில் கவனமான மனிதர். அவருடைய சட்டத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை. யா அல்லாஹ், ஒரு வழியைக் காட்டு என்று கேட்டுக்கொண்டுதான் மீனைக் கழுவினேன்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு என் கணவர் சாப்பிட இருந்தபோது கேட்டேன்.

"இஞ்சாருங்க, நம்மட வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஓம்."

"அந்த மனிசன் பாட்ட காதுக்குள்ள மாட்டிக் கேட்டா, வீட்டுக்குச் சத்தம் கேக்குமா?"

அவர் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"உன்ன எட்டோட நிப்பாட்டினது நல்லம். இல்லாட்டி கோட்டுல வந்து எனக்கு எதிரா வாதாடியிருப்பாய்."

கையைக் கழுவிவிட்டு அவரே போய் அறைக் கதவைத் தட்டினார். யன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும், ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை என்றார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

பெரியவர் தோல் அடி வைத்த சப்பாத்தை ஒரு துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வாப்பா, தரையில வெள்ளத் தூள் கொஞ்சம் தூவலாமா எண்டு கேக்கிறார்."

எங்கள் கரையில் வெள்ளைத் தூள் என்றால் கடலால் கடத்தி வருகிற போதைத் தூளைத்தான் நினைப்பார்கள். என் கணவரின் முகம் கறுத்துவிட்டது. பெரியவர் டின்னை எடுத்துக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. குழந்தைகளுக்குப் போடுகிற பவுடர். என் கணவர் அதை வாங்கி மணந்து பார்த்தார்.

"அட, இது நாங்க கரம் போட்டுக்குப் போடுறதுதானே. காய் ஓடுற மாதிரி கால் ஓடத்தான் கேக்கிறார்."

இரவில் சிநேகிதர்களோடு காய் சுண்டிக் கரம் விளையாடுகிற மனிதர் அல்லவா, தானே குனிந்து பதமாகத் தூவினார். பெரியவர் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடத்தைக் கையால் காட்டினார். அங்கேயும் தூவினார். இரண்டு பேர் நிற்கக்கூடிய அளவு.

என் கணவர் சுவரோரம் கதிரையில் இருந்தார். நானும் மகளும் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றோம். பெரியவர் காதில் ஹெட்போனை மாட்டினார், போனை ஒருதரம் தொட்டார், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கேட்டது காற்றுச் சத்தமும் தென்னோலைச் சத்தமும் மட்டும்தான்.

பிறகு கால் அசைந்தது. மணலில் முழங்கால் மடிந்து விழுந்த அந்த மனிதரா இது என்று எனக்குப் பட்டது. சிவப்புத் தரையில் சப்பாத்து வழுக்கி வழுக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. உடம்பு நிமிர்ந்தபடி இருக்க, காலுக்கு மட்டும் வயது குறைந்துவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். பவுடர் புகையாக எழும்பியது. ஆனால் தூவிய இடத்தில் பாதியைத்தான் மிதித்தார். மற்றப் பாதிக்குள் கால் வைக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராத்தா கருவேப்பிலை கேட்டுக்கொண்டு பின்வாசலால் வந்தார். திரையை விலக்கிப் பார்த்தவர் வாயில் கையை வைத்துவிட்டார்.

"இந்த மனிசனுக்கு என்ன புள்ள, ஜின் கின் பிடிச்சிட்டா? ஓதிப் பாக்க லெப்பையக் கூப்பிடவா?"

மனைவியோடு வருடா வருடம் ஆடுகிற நாள், அவர் இறந்த பிறகு முதல் தடவை வந்திருக்கிறது என்று காதோடு காதாகச் சொன்னேன். ராத்தா கருவேப்பிலையை மறந்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அவருடைய கணவரும் கடலுக்குப் போய் வந்த ஒரு நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தானவர்.

"நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம இத்தா இருந்தன்" என்றார் மெதுவாக. "அழுதாச்சு, ஓதியாச்சு. இந்தக் கைகாலை மட்டும் என்ன செய்றதெண்டு தெரியாம இருந்தன்."

பெரியவர் ஒரு கையைப் பின்னால் ஊன்றித் தரையோடு தரையாகச் சரிந்தார். எழும்பவில்லை. என் கணவர் பதறிக் கதிரையை விட்டு எழும்பினார். கீழே இருந்தபடியே பெரியவர் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார். பாட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. அவர் கேட்டுக் காத்திருந்த இடம் வந்திருக்க வேண்டும், காலை உதைத்து நிமிர்ந்துவிட்டார். நிமிர்ந்த கையோடு தலைக்கு மேலே ஒரே ஒரு தட்டு.

வெறும் ஹோலில் அந்த ஒற்றைக் கைதட்டு விழுந்து அடங்கியது. அந்த மண்டபத்தில் எத்தனை கைகள் சேர்ந்து தட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது போல. மறுபடி கையைத் தூக்கித் தட்டினார். தட்டி முடிந்த பிறகு, கொஞ்சம் பிந்தி, இன்னொரு தட்டுக் கேட்டது.

என் கணவர். நின்றபடியே, கை இரண்டும் சேர்ந்தபடி, என்ன செய்தோம் என்று அவருக்கே விளங்காத முகத்தோடு நின்றார்.

ஹெட்போன் மாட்டியிருந்த பெரியவருக்கு அது எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. அவர் என் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மிதிக்காமல் விட்டிருந்த அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துச் சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் ஓட ஓடச் சிரித்தபடி, பாட்டு முடியும் வரை ஆடினார். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தார். என் கணவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அன்று இரவு இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்துச் சிலாபத்தில் ரயிலேறிப் போனார்.

பிந்தித் தட்டுகிற கதையை நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா என்று பிறகு என் கணவரிடம் விசாரித்தேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. "தனியாத் தட்டுறாரே எண்டு பாவமா இருந்திச்சு. சேர்ந்து தட்டுவம் எண்டு பாத்தன், பிந்திப் போச்சு" என்றார். நான் விசயத்தைச் சொன்னதும் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிவிட்டு, எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார்.

அன்று அவர் ஆடி முடித்ததும் நான் தும்புத்தடியோடு ஹோலுக்குள் போனேன். ஒரு பாதி முழுக்கக் கால் சுழன்ற கோடுகள். மற்றப் பாதி, தூவியது தூவியபடி, ஒரு சுவடும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. மிதித்த பாதியைக் கூட்டிவிட்டேன். மற்றதில் கை போகவில்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழும் வரை எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தோம்.

சில இரவுகளில் அதே ஹோலில் என் கணவர் முன்னால் நிற்க, நானும் மகளும் பின்னால் நின்று தொழுவோம். அவருடைய தொழுகை விரிப்பை, முசல்லாவை, விரிப்பது எப்போதும் நான்தான். முன்பெல்லாம் அதை ஒரு வேலை போலச் செய்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது அந்தச் சிவப்புத் தரையில் அதை விரித்து மூலையை நீவிவிடும்போது, இதில் வந்து நிற்க ஆள் இருக்கிறார் என்று நினைத்து, தக்பீர் கட்டித் தொழுகை தொடங்குவதற்கு முன்பே ஒருதரம் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்கிறேன்.