பத்திரத்தில் இல்லாத பாதை

எங்கள் பக்கம் மழைக்கு முன்பே விதைத்துவிடுவோம். புரட்டாசியில் காய்ந்த புழுதியில் மக்காச்சோளத்தைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். மழை விழுந்துவிட்டால் கரிசலுக்குள் டிராக்டர் இறங்காது. அந்தப் பத்துப் பதினைந்து நாளை விட்டால் அந்த வருஷம் தரிசுதான்.

போன புரட்டாசியில் டிராக்டரோடு போனேன். பாதைக்குக் குறுக்கே கம்பிவேலி நின்றது. என் நாலு ஏக்கரைச் சுற்றியிருந்த புஞ்சைகள் ஒவ்வொன்றாக சோலார் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது பக்கத்துப் புஞ்சைக்காரர் மட்டும்தான். பாதையும் அவர் நிலத்தின் ஓரமாகத்தான் போகும். அவரும் கொடுத்துவிட்டார் என்பதை அந்த வேலி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருஷம் ஒரே வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சேர்ந்து சாப்பிட்டவர். கொடுத்தது அவர் இஷ்டம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கேயே நின்று போன் போட்டேன். திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தார்.

"அண்ணாச்சி, நாம போற பாதையக் காணுமே?"

"அத எழுதி வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்லயே தம்பி. பாதையெல்லாம் யாரு பத்திரத்துல எழுதுதா?"

என் பத்திரத்திலும்தான் இல்லை. பயிர் நின்றால் ஓரமாகப் போ, அறுத்துவிட்டால் குறுக்கே போ. எங்களுக்கு இருந்த சட்டம் அவ்வளவுதான். நன்றாக வைய வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், "சாப்ட்டியா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

கோவில்பட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கம்பெனி ஆபீசுக்கும் ஒரு வாரம் அலைந்த பிறகு, அவர்கள் கேட் வழியாகப் போய்வர விட்டார்கள். பகலில் மட்டும், ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிவிட்டு. மழைக்கு மூன்று நாள் இருக்கும்போது விதைத்து முடித்தேன்.

ஊரே விதைத்தால் மயிலும் பன்றியும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். இப்போது அதுகளுக்கும் நான் ஒருத்தன்தான் கிடைத்தேன். தினமும் காவலுக்குப் போயே ஆக வேண்டும். சோலார் தகடுகளில் நிழல் விழுகிறதென்று வேப்பமரத்தையும் வெட்டிவிட்டார்கள். மத்தியானம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் நாகலாபுரத்துக்காரர். அவரும் நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்தான். நோட்டில் பெயர், ஊர், நேரம் எல்லாம் எழுத வேண்டும். 'யாரைப் பார்க்க' என்று கடைசியில் ஒரு கட்டம். முதல் வாரம் அதில் 'என் புஞ்சையை' என்று எழுதினேன்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி, ஆள் பேருதான் எழுதணுமாம். மேல உள்ளவிய என்னைய வையுதாவ" என்றார் வாட்ச்மேன்.

"அங்கன ஆளு யாருய்யா இருக்கா?"

"யாரையாச்சும் எழுதுங்க. எனக்குக் கட்டம் நெறஞ்சாப் போதும்."

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கரிசல்காட்டில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். பக்கத்துப் புஞ்சைக்காரர் பெயரை எழுதினேன். இன்றுவரை, அந்த நோட்டின்படி, நான் தினமும் அவரைப் பார்க்கத்தான் போய்வருகிறேன்.